நிழலுக்கு எட்டாத சங்கிலி

அவர் ஒரு ஆளைப் பார்த்தால் முழுதாகப் பார்ப்பார். அந்த ஆள் போய்விட்டால் முழுதாக மறந்துவிடுவார். இரண்டுக்கும் நடுவில் அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் வளவுக்கு வடக்கு வளவு அவருடையது. நான் அண்ணை என்பேன், அவர் தம்பி என்பார். என்னிலும் ஒன்பது வயது மூப்பு. பஸ் ஓட்டியவர். நான் மேசன். ஊரில் இருக்கிற மதில்களில் பாதி என் கையால் எழும்பியவை. எனக்கும் அவருக்கும் நடுவில் மட்டும் இன்றைக்கும் தென்னோலைக் கிடுகு வேலி. அந்த வேலி என் பங்கு. காணி உறுதியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. மாரிக்கு முன்னம் பழைய கிடுகை அறுத்துப் புதுக் கிடுகு கட்டுவது என் வேலை. வேலியின் நடுவில் போக வர ஒரு பொட்டு விட்டிருந்தோம். குனிந்தால் ஒரு ஆள் போகலாம். கறிச்சட்டி அதனூடாக எங்கள் பக்கத்திலிருந்து போகும். அங்கிருந்து வெறுஞ்சட்டி வரும். சில நேரம் சட்டியும் வராது.

அவரிடம் ஒரு நாய் இருந்தது. அந்த நாயால்தான் அவரை நான் இவ்வளவு நினைக்கிறேன்.

பஸ் ஓட்டிய காலத்தில், ஓடிவருகிற ஆள் கண்ணாடியில் தெரிந்தால் நிறுத்துவார். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுத்தாலும் நிறுத்துவார். ஏறிய ஆளைத் திரும்பிப் பார்த்து, மூச்சு வாங்கி முடியட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பார். அந்தப் பாதையில் அவருக்கு நல்ல பெயர். கண்ணாடியில் தெரியாத ஆட்களும் இருந்தார்கள். வீதியோரம் கை நீட்டியபடி நிற்பார்கள். இவர் முன்சீட்டு ஆளோடு கதைத்துக்கொண்டு கடந்து போய்விடுவார். அவர்கள் அவரைத் திட்டியதாக நான் கேள்விப்படவில்லை. அண்ணை காணேல்லைப்போலை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்கள். நானும் ஒருநாள் அப்படி நின்றேன். நானும் அதைத்தான் சொன்னேன்.

எல்லோரும் அவருக்கு ராசா, ராசாத்தி. மீன்காரன் ராசா. தபால் கொண்டுவருகிற பெடிச்சி ராசாத்தி. என் மகள் ராசாத்தி. நான் மட்டும் தம்பி. ஏன் என்று தெரியாது. கேட்கிற விஷயமும் இல்லை.

என் மகளைச் சாவகச்சேரியில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையில் போன் எடுப்பாள். தாயோடு கதைப்பாள். பிறகு என்னிடம் தருவார்கள். முதல் கேள்வி, பெரியப்பா என்ன செய்கிறார் என்பது. அவரைத்தான் பெரியப்பா என்பாள். சொந்தம் இல்லை. மூன்று வருடம் அவளை ரியூசனுக்குச் சைக்கிளில் ஏற்றிப் போய்க் கொண்டுவந்தவன் நான். மழையில் என் முதுகுக்குப் பின்னால் நனையாமல் இருந்தாள். அது அவளுக்கு நினைவில்லை. அவர் ஒருநாள் நடுவீதியில் பஸ்ஸை நிறுத்தி, அவளை ஏற்றி, முன்னுக்கு இருத்தி, ஹோர்ன் அடிக்க விட்டாராம். அந்த ஹோர்னை இன்றைக்கும் சொல்கிறாள். தன் பிள்ளைக்கும் சொல்கிறாள்.

அவருடைய மனுசி உயிரோடு இருந்தபோது ஒருதடவை தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தா. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய நாளில் நான் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு வீட்டில் மதில் வேலை. காலை பத்து மணிக்கு அவ வெளியில் நீட்டு மரவாங்கில் இருந்தா, மடியில் உடுப்புப் பை. மத்தியானம் தேத்தண்ணிக்குப் போனேன். அதே வாங்கு, அதே பை. நான் ஓட்டோ பிடித்து விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினா.

"அவர் வருவார். வந்து நான் இல்லாட்டில் தேடுவார்."

நாலு மணிக்கு வந்தார். வழியில் பழைய சினேகிதன் ஒருவரைக் கண்டாராம். அவர் வீட்டில் சாப்பிட்டாராம். வந்த மனுசன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவவுக்கு முன்னால் குந்தியிருந்து முகத்தைப் பார்த்தார். ராசாத்தி, வாடிப்போனியே என்றார். லேஞ்சியை எடுத்து அவவின் நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் துடைத்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கிறார்கள். அவருக்கு அது தெரியவில்லை. அவ சிரித்தா.

அந்தச் சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. என் மனுசியும் அதே ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தவள். மூன்று நேரமும் சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். ஒருநேரமும் பிந்தவில்லை. புளி கூடிப்போச்சு என்றாள்.

அவருடைய மனுசி செத்தபோது அவர் விழுந்து அழுத அழுகையில் ஊர் அழுதது. அடுத்த வருடம் திவசத்து நாளை மறந்துபோனார். என் மனுசி பொட்டால் போய்ச் சொன்னாள். பிறகு எங்கள் அடுப்படியில்தான் சமையல். படத்துக்கு முன்னால் இலையைப் போட்டதும் திரும்பவும் அழுதார். பொய் அழுகை இல்லை. அதுதான் எனக்கு விளங்காத விஷயம். அவரிடம் பொய் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நாய் அதற்குப் பிறகு வந்தது. சாவகச்சேரிச் சந்தையில் மரக்கறித் தட்டுக்குக் கீழே கிடந்ததாம். துணிப் பையில் போட்டு மோட்டார் சைக்கிள் கைபிடியில் கொழுவிக்கொண்டு வந்தார். முதலில் எங்களுக்குத்தான் காட்டினார். மண்நிறம். ஒரு காது மடிந்திருந்தது. அன்றைக்குப் பொழுதுபடுமட்டும் அதை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தார். அது அவர் பெருவிரலைச் சூப்பிக்கொண்டே நித்திரையாகிப் போனது. அடுத்த நாள் விடியப் பார்த்தால் வீடு பூட்டு. அவர் சந்தியில் கடதாசிச் சீட்டு விளையாடப் போய்விட்டார். குட்டி கதவடியில் நின்று கத்தியது. மனுசி பால் கொண்டுபோய் வைத்தாள்.

அதற்கும் பெயர் ராசாதான். தனியாக ஒரு பெயர் வைக்க அவருக்கு நினைவு வரவில்லை.

அந்தத் தை மாதம் எங்கள் கோழி ஒன்று செத்தது. முட்டையிடுகிற கோழி. வேலியடியில் கழுத்து முறிந்து கிடந்தது. பக்கத்தில் நாய் நின்றது. வாயில் ஒரு இறகு. அதற்கு அப்போது எட்டு மாதம் இருக்கும். நான் கோழியைக் காலில் தூக்கிக்கொண்டு பொட்டடிக்குப் போய் அவரைக் கூப்பிட்டேன். அதிகம் சொல்லவில்லை. கோழியைக் காட்டினேன், நாயைக் காட்டினேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்தார்.

"என்ரை ராசா உப்பிடிச் செய்துபோட்டுதே, தம்பி. இனி உன்ரை பக்கம் வராது. இது நான் சொல்லுற சொல்லு."

அந்த நிமிடமே கட்டினார். நைலோன் கயிறு கழுத்துக்கு, பழைய மாட்டுச் சங்கிலி அதில். அவருடைய பின்வளவில் ஒரு மாட்டுக்கொட்டில் இருந்தது. கூரை போய்விட்டது. அதைத் தாங்கிய ஒரு கப்பு மட்டும் நின்றது. அந்தக் கப்பில் சங்கிலியைக் கொழுவினார்.

வாழ்க்கையில் அவர் காப்பாற்றிய சொல் அதுவாகத்தான் இருக்கும். காப்பாற்ற ஒன்றும் செய்யத் தேவையில்லை. கட்டின நாயை மறந்தால் போதும்.

முதல் நாலு நாள் சோறு வைத்தார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு நினைவு வந்தால். தண்ணீருக்கு ஒரு பால்மாப் பேணி வைத்திருந்தார். அது காய்ந்து, பிறகு கவிழ்ந்து, பிறகு சங்கிலிக்கு எட்டாத இடத்துக்கு உருண்டுபோனது. கப்புக்குக் கிழக்கே ஒரு வேம்பு. காலையில் அதன் நிழல் கப்படியில் விழும். வெயில் ஏற ஏற நிழல் மரத்தடிக்கு ஒதுங்கும். நாயும் நிழலோடு நகரும். பத்து மணிக்குச் சங்கிலி முடிந்துவிடும். நிழல் அப்பால் போய்விடும். நான் கண்ணால் அளக்கிறவன். ஒன்றரை முழம் குறை. ஒரு துண்டுக் கம்பியை இடையில் கொழுவினால் சரி. என் வேலைச் சாக்கில் கம்பி எந்த நாளும் கிடக்கும். நான் கொழுவவில்லை. அடுத்தவன் வளவு, அடுத்தவன் நாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சோறு மட்டும் வைத்தேன். வேலைக்குப் போகமுன்னம் ஒருதடவை, வந்து ஒருதடவை. தண்ணீரும் வைத்தேன். முதல் நாள் பொட்டுக்குள்ளால் கோப்பையைத் தள்ளிவிட்டேன். பிறகு உள்ளே போனேன். பிறகு அது சாப்பிட்டு முடியுமட்டும் பக்கத்தில் குந்தியிருக்கத் தொடங்கினேன். என் மனுசி வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்தாள். நான் சுகமில்லாமல் கிடந்தால் எனக்குக் கோப்பையில் போட்டுத் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள் நீங்கள், நாய்க்குப் பக்கத்தில் இருந்து பரிமாறுகிறீர்கள் என்றாள். பகிடிதான். கொஞ்சம் உண்மையும்.

அது சாப்பிடும். வாலை ஆட்டும், இரண்டு தரம், கணக்குக்கு. பிறகு என்னைத் தாண்டி அவருடைய கதவைப் பார்க்கும்.

அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை முகப்பில் கேட்டால் போதும். வாயில் இருக்கிற சோற்றையும் விட்டுவிடும். முன்காலைத் தூக்கிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு நிற்கும். அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார். பின்பக்கம் பார்த்தால் அந்த நாளில் ராசாவுக்குத் திருவிழா. கிட்ட வந்து காதைத் தடவி, நெற்றியோடு நெற்றி வைத்து, பாட்டும் பாடுவார். பின்பக்கம் பார்க்காவிட்டால் நேரே உள்ளே போய்விடுவார். நாய் அப்படியே நிற்கும். அரைமணி நேரம் நிற்கும். என் சோற்றில் எறும்பு ஏறும்.

நான் அதற்கு மீன் தலை அவித்துப் போட்டேன். தயிர்ச் சோறு போட்டேன். ஒரு நாள் சந்திக் கடையில் எனக்கு வாங்கிய கொத்துரொட்டியில் பாதியைப் போட்டேன். உஞ்சு உஞ்சு என்று நான் கூப்பிட்டால் தலையைத் தூக்கும். அவர் இருமினால் எழும்பி நிற்கும்.

மாசி மாதம் இரண்டாவது கோழி போனது.

அன்றைக்கு எனக்கு வேலை இல்லை. கிணற்றடியில் சாந்தகப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கோழி ஒரு சத்தம் போட்டது. திரும்பினேன். என் சீமெந்துக் கல் அடுக்குக்குக் கீழிருந்து ஒரு கீரி வந்தது. கோழியின் கழுத்தைப் பிடித்து ஒரு உதறு. நான் கல்லெறிந்தேன். விட்டுவிட்டு அடுக்குக்குள் போய்விட்டது. கழுத்து முறிந்த விதம் முதல் கோழியைப் போலவே இருந்தது. நாய் அந்தப் பக்கம் கட்டினபடி நின்று குரைத்தது.

அப்போதுதான் தை மாதத்து இறகு விளங்கியது. செத்த கோழியை மணக்கப் போன குட்டி.

மனுசி வந்து கேட்டாள். நான் பிராந்து என்றேன். பிராந்து அடித்தால் தூக்கிக்கொண்டல்லவோ போகும் என்றாள். தெரியாது என்றேன். கட்டின நாய் பிடிக்கவில்லைத்தானே, அப்போ முதல் கோழியும் அது பிடித்ததோ தெரியாது, அண்ணையிடம் ஒருக்கால் சொல்லிவிடுங்கோ, பாவம் என்றாள். ஓம் என்றேன்.

சொல்லவில்லை.

பொட்டடிமட்டும் போனேன். அவர் வாசலில் கதிரை போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் போதும், அந்த நிமிடமே அவிழ்த்துவிடுவார். அவிழ்த்தால் அது அவருக்குப் பின்னால் போகும். சந்திக்குப் போனால் சந்திக்கு, கோயிலுக்குப் போனால் கோயிலுக்கு. பசித்தாலும் பின்னால்தான் போகும். கட்டியிருந்தால் இரண்டு நேரம் என் கையைப் பார்க்கும். இதுதான் என் மனதில் இருந்தது. வேறு நல்ல காரணம் ஒன்றும் இருக்கவில்லை. கல் அடுக்கை இடம் மாற்றினேன், கோழிக்கூட்டுக்குக் கம்பிவலை அடித்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வருடம் பங்குனியும் சித்திரையும் நல்ல வெயில்.

ஆனி மாதம் அதன் கழுத்தில் மணம் வந்தது. வளருகிற நாய். கயிறு வளரவில்லை. தோலுக்குள் இறங்கியிருந்தது. நான் மயிரை விலக்கிப் பார்த்தேன். புழு. இத்தனை நாள் பக்கத்தில் குந்தியிருந்தவன், நானும் அதைக் காணவில்லை. அதன் வாயையும் கோப்பையையும் மட்டும் பார்த்திருக்கிறேன்.

கயிற்றைக் கத்தியால் அறுத்தேன். அது கடிக்கவில்லை. கற்பூரத்தைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்து வைத்தேன். புழு ஒவ்வொன்றாக வெளியில் வந்தது. ஈர்க்கால் எடுத்தேன். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. முதல் இரண்டு நாளும் அவர் வீட்டில் இல்லை, யாழ்ப்பாணத்தில் யாரோ தெரிந்தவர் வீட்டுக் கலியாணம். மூன்றாம் நாள் நான் எண்ணெய் பூசி முடிக்க, நாய் என் கையை நக்கியது. எண்ணெய்க்காக இல்லை. எண்ணெய் இல்லாத கையை நக்கியது. நான் அசையாமல் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் வந்தது.

நான் பிடித்திருந்த கை வழுக்கிவிட்டது. நாய் ஓடியது. புண்ணோடு ஓடி, அவர் காலடியில் விழுந்து, மூத்திரம் பெய்து, ஒரு சத்தம் போட்டது. அப்படி ஒரு சத்தத்தை அது எனக்குப் போட்டதில்லை. அவர் கழுத்தைக் கண்டார். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். கலியாணத்துக்குக் கட்டிய வேட்டி.

"ஐயோ என்ரை ராசா. ஆரடா உனக்கு இப்பிடிச் செய்தது?"

உண்மையாகக் கேட்டார். நான் எண்ணெய்ச் சிரட்டையோடு நின்றேன். அவர் பிறகு என்னைப் பார்த்தார். சிரட்டையைப் பார்த்தார். எழும்பி வந்து என் தோளைப் பிடித்தார். மூன்று நாள் வைத்தியத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். கற்பூரம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, நித்திரை கொண்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்டார். என் விரலில் ஈர்க்குக் குத்திய இடத்தைத் திருப்பிப் பார்த்தார். என் கையை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை.

"நீயடா என்ரை ராசா," என்றார்.

எனக்கு அப்போது ஐம்பத்துநாலு வயது.

பிறகு தன் இடுப்புப் பட்டியைக் கழற்றி, புண்ணில் படாமல் நாயின் நெஞ்சோடு சேர்த்துப் போட்டு, திரும்பவும் சங்கிலியைக் கொழுவினார். உன்ரை கோழிக்குச் சொன்ன சொல்லு சொல்லுத்தான், தம்பி என்றார். கீரி என் நாக்கில் நின்றது. இப்போது சொன்னால் மாசி மாதத்திலிருந்து சொல்லாததையும் சொல்லவேண்டும். அவர் கை திரும்பவும் என் தோளுக்கு வந்திருந்தது. அந்தக் கை எடுபட்டுவிடும். சொல்லவில்லை.

அடுத்த நாள் விடிய நான் வேலிக்கு மேலால் பார்த்தேன். கதைக்க வருவாரென்று நினைத்தேன். வெளிக்கிட்டுப் போனார். என்னைக் காணவில்லை. அதற்கு அடுத்த நாளும் பார்த்தேன். நாய் கப்படியில், நான் வேலியடியில்.

ஆவணியில் அவருடைய மகள் கனடாவுக்குக் கூப்பிட்டாள். ஆறு மாதத்துக்கு என்று சொன்னார். வான் வந்து நின்றபோது வாசல் படலையில் ஊர் நின்றது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கதைத்தார். என் மனுசியிடம் மூட்டுவலிக்கு என்ன பூசுகிறாய் என்று கேட்டார். என் கையில் வீட்டுத் திறப்பைத் தந்தார். வீட்டைப் பார் என்றார். பின்வளவில் நாய் குரைத்தபடி. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ராசாவைப் பார் என்று சொல்வார் என்று ஒரு பக்கம், சொல்லக்கூடாது என்று ஒரு பக்கம். சொல்லவில்லை. ஏறினார். வான் போனது.

சந்தோஷம் வந்தது. மறைக்க ஒன்றுமில்லை. அன்று பின்னேரமே சங்கிலியைக் கழற்றி, நாயைப் பொட்டால் எங்கள் பக்கம் கொண்டுவந்தேன். அடுத்த கிழமை வேலியடைப்பு. புதுக் கிடுகு. பொட்டையும் சேர்த்து அடைத்தேன். மனுசி ஏன் என்றாள். ஆளில்லாத வீட்டுக்குப் பொட்டு எதற்கு என்றேன். வேலி என் பங்கு. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

நாய் எங்களோடு நன்றாகத்தான் இருந்தது. உடம்பு பிடித்தது. கழுத்தில் மயிர் வளர்ந்தது. கோழிகள் அதன் முதுகில் ஏறி நிற்கும், அது அசையாது. மனுசி அதைப் பார்த்து, உதுவோ கோழி பிடிச்ச நாய் என்பாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன். காலையில் படலைமட்டும் என்னோடு வரும். ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், என்னை விட்டுவிட்டு ஓடும். வேறு யாராவதாக இருக்கும். மெதுவாகத் திரும்பி வரும். என்னைக் கடந்து போய், பொட்டு இருந்த இடத்தில் புதுக் கிடுகில் மூக்கை வைத்துப் படுக்கும். அந்த இடத்தைக் காலால் கிளறிக் கிடுகைக் கிழித்தது. நான் கட்டினேன். திரும்பக் கிழித்தது. திரும்பக் கட்டினேன். நாலு தரம்.

ஆறு மாதத்துக்கு மேல் போன் இல்லை. பங்குனியில் ஒரு காலை, என் மனுசியின் போனுக்கு எடுத்தார். முகம் தெரிகிற போன். தொப்பி போட்டிருந்தார். மனுசியைப் பார்த்ததும் ராசாத்தி, மெலிஞ்சுபோனாய் என்றார். அவளுக்கு முகம் மலர்ந்தது. மூட்டுவலி, மகள், பேரப்பிள்ளை எல்லாம் கேட்டார். நான் பின்னால் நின்றேன். அடுத்த திருவிழாவுக்கு வருவாராம்.

நாய் வேலியடியில் கிடந்தது. குரலைக் கேட்டு எழும்பியது. அடுப்படிக்குள் ஓடிவந்தது. போனைச் சுற்றியது. போனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தது.

"இஞ்சாருங்கோ, அது தேடுது. காட்டுங்கோ," என்றாள் மனுசி.

போன் என் கைக்கு வந்தது. காட்டாமல் விட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டார். நாய் என் முழங்காலில் இரண்டு காலையும் வைத்து நின்றது. என்னிடம் அது முதல்முறை ஒன்றைக் கேட்டது. நான் போனைத் திருப்பினேன்.

"அட, என்ரை ராசா!"

அவர் அழுதார். நாய் கண்ணாடியை நக்கியது. அவர் பாட்டுப் பாடினார், அதே பாட்டு. நாய் வாலை மட்டும் இல்லை, உடம்பை ஆட்டியது. ஆறு மாதச் சோறு என்னுடையது. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது.

பாட்டு முடிய என் பக்கம் திருப்பினேன். இனி இதைச் சுமக்க ஏலாது என்று வந்தது.

"அண்ணை, அந்தக் கோழியைப் பிடிச்சது நாய் இல்லை. கீரி. எனக்குப் போன வருசம் மாசியிலையே தெரியும். நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

அவர் என்னைப் பார்த்தார். முழுதாகத்தான் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"எந்தக் கோழி, தம்பி?"

அதற்குள் அங்கே ஒரு பிள்ளையின் குரல் கேட்டது. பேத்தி கூப்பிடுது, பிறகு எடுக்கிறன் என்றார். போன் கறுத்துப்போனது. பிறகு எடுக்கவில்லை. திருவிழா ஒன்று வந்து போய்விட்டது. ஆள் வரவில்லை.

போன் கறுத்த அந்த நேரம், அரிசி களைந்துகொண்டிருந்த மனுசி கையை எடுத்துவிட்டாள்.

"மாசியிலையோ?" என்றாள்.

ஓம் என்றேன்.

"அப்ப வெயில் முழுக்க."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அரிசியைக் களைந்தாள். அதைப் பற்றி இன்றைக்கும் அவள் வேறு ஒன்றும் சொன்னதில்லை.

அதே காலை நான் கத்தியை எடுத்துக்கொண்டு போய், புதுக் கிடுகை அறுத்துப் பொட்டைத் திறந்தேன். நாய் எனக்கு முன்னால் பூந்து போனது. வளவு முழுக்கப் புல். கதவடிக்குப் போய் மணந்து பார்த்தது. வாசலில் ஒரு சுற்று. பிறகு கப்படிக்குப் போய்ப் படுத்தது. சங்கிலி இன்னும் கப்பில் துருப்பிடித்துத் தொங்கியது. காலை நிழல் அந்த இடத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது.

நான் சோற்றுக் கோப்பையோடு நின்றேன். வேலைக்குப் போகவில்லை. நிழல் நகர்ந்தது, நாயும் நகர்ந்தது. பத்து மணிக்கு நிழல் சங்கிலி முடிகிற இடத்தைத் தாண்டியது. நாய் எழும்பியது. அந்த ஒன்றரை முழத்தையும் நடந்து வேம்படிக்குப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, நிழலில் படுத்தது. முகம் படலைப் பக்கம். முதுகு எனக்கு.

கோப்பையைப் பக்கத்தில் வைத்தேன். நாய் மூக்கைத் தூக்கி மணம் பிடித்தது. திரும்பவில்லை.

நானும் வேம்பில் சாய்ந்து இருந்தேன். படலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.